தச்சர் வீட்டுக்கு வந்த இன்னொரு தச்சர்

மலைமேல் மாதா கோயிலின் தெற்குப் பக்கச் சிறு பீடத்தில் நிற்கும் சூசையப்பர் சிலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தச்சரின் மனைவியைப் பார்த்துத் தலையைத் திருப்பியது. திரும்பிய அளவு நான்கு விரற்கடை. அதைக் கண்ணால் கண்டவர் தச்சர் ஒருவர்தான், அளவு சொன்னவரும் அவரேதான். ஆனால் அளவு விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது என்பதை அவரைக் கண்டால் ஆகாதவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கோயிலில் மணி அடித்து, உருகிய மெழுகைச் சுரண்டி, சாயங்காலம் கதவு பூட்டுகிற கோயில்பிள்ளையும் மறுநாள் தன் நோட்டில் ‘சூசையப்பர் சற்றே இடப்பக்கம்’ என்று எழுதிவைத்தார். அதற்கு முந்தின வரி, மூன்றாம் வாசல் குழாய் ஒழுகுகிறது என்பது. அடுத்த வரி, துடைப்பம் இரண்டு தேய்ந்துவிட்டது என்பது.

தச்சரும் மனைவியும் அங்கே போனது பெரிய பக்தியினால் அல்ல. தங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் ஏற்பாடு செய்திருந்த யாத்திரை பஸ்ஸில் கடைசி நேரத்தில் இரண்டு சீட் காலியானது. கீழ்வீட்டில் குடியிருக்கும் தச்சரின் அக்கா, “நீங்க ரெண்டு பேரும் வெளியூர் பாத்து எத்தன வருஷமாச்சு, போயிட்டு வாங்களேன்” என்று இவர்களைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள். தச்சரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். இருபத்தாறு வருடத்தில் அவள் லீவு எடுத்தது இரண்டு பிரசவத்துக்கும் ஒரு பல்வலிக்கும்தான். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேறு ஊர்களில் வேலையில் இருந்தார்கள். வீட்டில் இவர்கள் இருவரும், பேச்சு குறைந்துபோன ஒரு சமையலறையும்தான் மிச்சம். அதனால் கிளம்பினார்கள். ஆறு மணி நேரப் பிரயாணத்தில் பஸ்ஸில் பாதிப்பேர் ஜெபமாலை சொன்னார்கள், பாதிப்பேர் தூங்கினார்கள், தச்சர் எதிர்சீட்டின் கழன்ற திருகாணியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயில் இருந்த ஊர், கோயில் ஒன்றையே நம்பிப் பிழைக்கிற ஊர். மேலே ஏறுகிற தெருவின் இரண்டு பக்கமும் கடைகள், எல்லாக் கடையிலும் ஒரே சாமான்: ஜெபமாலை, சாவிக்கொத்து, மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலில் மாதாவின் நீலக் கிரீடம்தான் மூடி. அதைத் திருகிக் கழற்றி ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். பாவசங்கீர்த்தனக் கூண்டுகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளே எந்த பாஷை செல்லும் என்ற பலகை. நடக்க முடியாமல் வந்து நடந்தே திரும்பினவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் வடக்குச் சுவர் முழுக்கத் தொங்கின. மற்றவர்கள் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். தச்சர், “எல்லாம் நல்ல மரம், சும்மா தொங்குது பாரு” என்றார். மாதாவின் முன்னால் போய் நிற்பதற்கு மூன்றரை மணி நேர வரிசை. வரிசை ஊற்றடியில் தொடங்கி, படி ஏறி, கோயிலை ஒரு சுற்று சுற்றி, மறுபடி ஊற்றடிக்கே வந்து பிறகுதான் உள்ளே போனது. கொடி பிடித்த வழிகாட்டிகள் தங்கள் கூட்டத்தைக் கோழிக்குஞ்சுகளைப் போல அதட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் தச்சரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவருக்கு வலது கை நடுங்கியது. நாலு வருடமாக நடுங்கியது. முதலில் கட்டைவிரல் மட்டும், பிறகு மணிக்கட்டு வரை. சுத்தியல் பிடித்தால் அவ்வளவாகத் தெரியாது, உளி பிடித்தால் தெரியும். அதை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார், உட்காரும்போது தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், நுணுக்கமான வேலை எது வந்தாலும் “நாளைக்குப் பண்ணிடலாம்” என்றார். சொன்ன தேதிக்குச் சொன்ன சாமானைக் கொண்டுவந்து இறக்குகிற மனுஷன் என்று பேர் வாங்கியவருக்கு, இந்த நாலு வருடத்தில் ஊர் வைத்த பேர் நாளைக்காரர். சோம்பேறி என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், கை போச்சு என்று தெரிவதைவிட அது மேல் என்று அவர் இருந்தார். முக்கியமாக மனைவிக்குத் தெரியக் கூடாது. அவரைக் கல்யாணம் செய்ய அவள் சம்மதித்ததே, பெண் பார்க்கப் போன வீட்டில் இழுக்க வராத மேஜை டிராயர் ஒன்றை அவர் பேச்சோடு பேச்சாகச் சரிசெய்து கொடுத்ததைப் பார்த்துத்தான். அந்தக் கை இல்லையென்றால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். விடை நன்றாக இல்லை.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றதும் மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. அவள் ஒதுங்கித் தெற்குப் பக்கச் சிறு பீடத்தின் படியில் உட்கார்ந்தாள். அங்கே கூட்டமே இல்லை. மூன்று மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, அதில் ஒன்று அணைகிற நிலை. தச்சர் ஊற்றடிக்குப் போய் மாதா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவள் சூசையப்பரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜெபம் செய்கிற மாதிரி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, விடாமல். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் அவள் பேசி தச்சர் கேட்டு வெகுநாளாயிற்று. மாதாவின் கணவரும் தொழிலில் தச்சருமான சூசையப்பரைப் படங்களில் வயசாளியாகத்தான் அவர் பார்த்திருந்தார். இந்தக் கோயில்காரர்கள் வாங்கி வைத்திருந்த சிலைக்கு முப்பது முப்பத்திரண்டு வயசுக்கு மேல் சொல்ல முடியாது. தாடியில் ஒரு நரை இல்லை. அகலமான தோள், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, ஒரு கையில் லீலிப்பூ, இன்னொரு கையில் தச்சர்கள் கோணம் பார்க்கிற மூலைமட்டம். மூலைமட்டம் பிடித்த கை ஆடாமல் அசையாமல் இருந்தது. சிலையின் கை வேறு எப்படி இருக்கும் என்று தச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே நொடியில் சூசையப்பர் தலையைத் திருப்பினார்.

மனைவி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, “போலாங்க, பாத்தாச்சு” என்றாள். மாதாவைப் பார்க்கவே இல்லையே என்று அவர் கேட்டதற்கு, “அவங்களுக்கு ஆயிரம் வேல, இவர்கிட்ட சொன்னா போதும்” என்றாள். திரும்புகிற வழியில் ஆறு மணி நேரமும் அவர் கேட்டார். என்ன சொன்ன, எதுக்குச் சிரிச்ச, எதுக்குக் கண்ணத் தொடச்ச. அவள், வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க தச்சருக்கு வயிறு எரிந்தது.

ஊருக்கு வந்த நாலாம் நாள் சமையலறை ஜன்னல் சாத்திக்கொண்டது. சட்டம் உப்பிப்போய், நாலு வருடமாக ஒரு கோணிச் சாக்கை அடைத்து வைத்திருந்த ஜன்னல் அது. மனைவி வேலைக்குப் போய், தச்சர் பட்டறையில் இருந்த மத்தியான நேரத்தில் யாரோ வந்து அதைக் கழற்றி, இழைத்து, கீல் மாற்றி, பரண்மேல் அவர் வாங்கிப்போட்டு மறந்த பச்சைப் பெயிண்டையே எடுத்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். தரையில் மரச்சீவல் கிடந்தது. தச்சர் ஒரு சுருளை எடுத்து முகர்ந்தார். முப்பது வருடத்தில் அவர் அறுக்காத மரம் இல்லை. இந்த வாசனை எந்த மரத்தோடும் சேரவில்லை. ஜன்னலைத் திறந்தார், சாத்தினார். சத்தமே இல்லை. சட்டத்தின் மூலையில் ஆணியும் இல்லை, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரமும் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று கோத்த பொருத்து. ஒரு தலைமுடியை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. அவர் கை நன்றாக இருந்த காலத்தில்கூட அப்படி ஒன்றைச் செய்ததில்லை. மூன்று மணிக்கு வந்த மனைவி ஜன்னலைப் பார்த்து, “வந்துட்டாரா” என்றாள். அவ்வளவுதான். ஒரு ஆச்சரியம் இல்லை, ஒரு கேள்வி இல்லை.

அதற்கப்புறம் வாரம் ஒன்றாக நடந்தது. கட்டில் முனகுவதை நிறுத்தியது. ஆடிய முக்காலி நின்றது. அலமாரிக் கதவு, குளியலறைத் தாழ்ப்பாள், வாசல்படி என்று ஒவ்வொன்றாக அவர் ‘நாளைக்கு’ என்று சொல்லிவைத்திருந்த அத்தனையும், சொன்ன வரிசையிலேயே முடிந்துகொண்டு வந்தது. தச்சர் அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பட்டறைக்குப் போகாமல் ஒன்பது நாள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒன்பது நாளும் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் தீப்பெட்டி வாங்க எதிர்க்கடைக்குப் போய் வந்தார். வந்து பார்த்தால் ரொட்டிப் பலகையின் விரிசல் காணோம். பிறகு வேறு வழியில் முயன்றார். தானே ஒன்றை உடைத்துத் தானே சரிசெய்தால் என்ன என்று சாப்பாட்டு மேஜையின் ஒரு காலைப் பட்டறை ரம்பத்தால் அரை அங்குலம் அறுத்துவிட்டு வஜ்ஜிரப்பானையை எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் கால் நேராகியிருந்தது. அதோடு, பிறந்ததிலிருந்து அந்த மேஜைக்கு இருந்த சின்னச் சாய்வு ஒன்றும் போய்விட்டது. அந்த மேஜையைச் செய்தவர் தச்சர்தான். அந்தச் சாய்வு இருந்ததே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஷயம் அக்கா மூலமாக ஊருக்குள் போயிற்று. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் உபயோகப்படுத்திக்கொள்ளப் பார்த்தது. அக்கா ஒரு ஒடிந்த நாற்காலியை மேலே கொண்டுவந்து போட்டாள். பக்கத்து வீட்டு டிரைவர் தொட்டிலும், தையல்காரி அளவுப் பலகையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு மாதம் அத்தனையும் அப்படியே கிடந்தது, எவரும் தொடவில்லை. அதே மாதத்தில் மனைவியின் சீப்பில் உடைந்த பல் முளைத்தது. ஊருக்காக வருகிற ஆள் இல்லை, அவளுக்காக மட்டும் வருகிற ஆள் என்பது அதோடு சந்தேகமில்லாமல் ஆகிவிட்டது. அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, “எதுக்கும் நீ கொஞ்சம் பாத்துக்கோடா தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும்விட அவரைக் குத்தியது டீதான். ஒரு நாள் காலை மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு கப் டீயை விளிம்பு வரை ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து ஜன்னல் பலகையில் வைப்பதைப் பார்த்தார். மத்தியானம் பார்த்தால் கப் காலி. யாருக்கு என்று கேட்டார். “வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு வாய் டீ குடுக்கறதில்லையா” என்றாள். தச்சருக்கு அவள் கொடுப்பது அரைக் கப். இந்த நாலு வருடமாகவே அரைக் கப்தான், கேட்டால் இன்னொரு அரை. முன்னெல்லாம் ததும்பத் ததும்பக் கொடுத்தவள். காரணம் தெரியாமல் அவர் அதை உள்ளே ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். இப்போது அது எழுந்து உட்கார்ந்தது. புருஷனுக்குப் பாதி, அந்த ஆளுக்கு முழுசு, அதுவும் தட்டுப் போட்டு மூடி.

தச்சர் பங்குச்சாமியாரிடம் போனார். சாமியார் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தலை திருப்பியது, ஜன்னல், சீப்பு எதையும் மறுக்கவில்லை. புனிதர்கள் அப்படித்தான், ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விட மாட்டார்கள் என்றார். ஆனால் பொறாமை என்ற வார்த்தை வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “சூசையப்பருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. அதுவும் யாரோட ஆயிருக்குன்னு யோசிச்சுப் பாரு” என்றார். தச்சர், “அவருக்கு ஆயிடுச்சு சாமி, சரி. என் பொண்டாட்டிக்கும்தான் ஆயிருக்கு. அவ எங்கிட்டப் பேசறதில்ல, அவர்கிட்டப் பேசறா. அதுக்கு என்ன சொல்றீங்க” என்றார். சாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மாதாவை நோக்கிச் சொல்கிற அருள்நிறை மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொல்லி அனுப்பினார். அதையும் அந்த ஆளின் மனைவியிடம்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்த தச்சர், கொஞ்சம் கோள் சொல்கிற தொனியிலேயே மூன்றையும் சொல்லி முடித்தார்.

யாத்திரை முடிந்து ஐந்து மாதம் ஆன பிறகு, மரம் வாங்கப் போகிறேன், வர நாலு நாள் ஆகும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் தனியாக மலைக்கோயிலுக்கு பஸ் ஏறினார். கையில் உளிப்பை இருந்தது. எதற்கு அதை எடுத்தார் என்று பின்னாளில் கேட்டபோது, சண்டைக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியுமா என்றார். யாத்ரிகர் விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு கிடைத்தது. காலையில் நேராகத் தெற்குப் பக்கப் பீடத்துக்குப் போய் நின்றார். தலை இன்னும் நான்கு விரற்கடை திரும்பியேதான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். கால்விரல் இடுக்குகளில் மரத்தூள். வலது கட்டைவிரலில் பச்சைப் பெயிண்ட், அவர் வீட்டு ஜன்னலின் பச்சை. “மாட்டிக்கிட்டீங்களா” என்றார் தச்சர். தொடர்ந்து அரைமணி நேரம் கேட்டார். என் பொண்டாட்டி உங்ககிட்ட என்ன சொன்னா, உங்களுக்கு வீடு இல்லையா, குடும்பம் இல்லையா, ஆள் இல்லாத நேரமாப் பாத்து வீட்டுக்குள்ள வர்றது எந்த ஊர் நியாயம், மேஜை சாய்வா இருந்தா அது என் மேஜை. வரிசையில் நின்றவர்கள் இவரை உருக்கமான பக்தர் என்று நினைத்து நகர்ந்து வழிவிட்டார்கள்.

தொண்டை வறண்டு அவர் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பெரிய பீடம் நேராகத் தெரிந்தது. அங்கே பூ, விளக்கு, பாட்டு, ஊன்றுகோல், உலகத்தின் அத்தனை பாஷையிலும் அழுகை. ஒரு நாளைக்கு முப்பதாயிரம் பேர் வந்து அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கம் எல்லாரும் முதுகைத்தான் காட்டினார்கள். மெழுகுவர்த்தி அன்றைக்கு இரண்டுதான். இந்த ஆள் எத்தனை வருடமாக இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று கணக்குப் போடுகிறபோது தச்சரின் கண் பீடத்தின் அடியில் போயிற்று. சிலை நின்ற மரப்பெட்டி செல்லரித்திருந்தது. ஒரு மூலை உட்கார்ந்துபோய், மெழுகுவர்த்தி அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். தச்சருக்குச் சிரிப்பு வந்தது, ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. ஊரார் வீட்டு ஜன்னலுக்காக ஆறு மணி நேரத் தூரம் வருகிற மனுஷன் தன் காலடியைப் பார்த்துக்கொள்ளவில்லை. இரக்கத்தினால் அல்ல, வீம்பினால்தான் அவர் கோயில்பிள்ளையைத் தேடிப் போய், அந்தப் பெட்டியைத் தான் புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னார். அந்த ஆள் இதில் ஒரு குறை கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார். கோயில்பிள்ளை, “பதினோரு வருஷமாக் கேக்கறேன், வர்ற தச்சன் எல்லாம் மாதா பீடத்துலதான் வேல செய்வேங்கறான்” என்று சொல்லி, மரக்கிடங்குச் சாவியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருமாகச் சிலையை இறக்கிச் சுவரோரம் தரையில் நிறுத்தினார்கள்.

முதல் இரண்டு நாள் வேலை நன்றாகப் போயிற்று. அறுப்பதும் இழைப்பதும் உடம்பு வேலை, அதில் நடுக்கம் ஒளிந்துகொள்ளும். மூன்றாம் நாள் மூலைப் பொருத்துகளை வெட்ட வேண்டும். ஆணி போட்டுத் தட்டிவிட்டால் அரை நாளில் முடிந்துவிடும், ஆனால் அந்த ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆணி அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. உளியை எடுத்தார். கை நடுங்கியது. வைத்தார், எடுத்தார். முதல் வெட்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. வேறு பலகை எடுத்தார், அதுவும் போயிற்று. மூன்றாம் பலகைதான் கடைசிப் பலகை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார், இரண்டும் சேர்ந்து நடுங்கின. இனி ஒளிக்க ஒரு இடமும் இல்லை என்று தோன்றியது. அப்போது படியில் யாரோ வந்து நின்றார்கள். அவருடைய மனைவி. ஆணியில் தொங்குகிற உளிப்பையைக் காணவில்லை என்றதுமே அவள் பஸ் ஏறியிருந்தாள். மரம் வாங்கப் போகிறவர் எதற்கு உளியைக் கொண்டுபோகிறார். ஐந்து மாதமாக அவர் யார்மேல் குமுறிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

தச்சர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எடுங்க வெளிய. நாலு வருஷமாத் தெரியும்” என்றாள்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

“கப்ப முழுசா ஊத்தினா கையில கொட்டிக்கிறீங்க. ரெண்டு தடவ கொட்டிக்கிட்டு, சூடே இல்லன்னு பொய் சொன்னீங்க. அதுக்கப்புறந்தான் அரைக் கப்.”

அன்றைக்கு இவர்கிட்ட என்னதான் சொன்ன என்று தச்சர் கேட்டார். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. வேண்டுதல்தான் பலித்துவிட்டதே. “வீட்டு வேல எதையும் எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேக்க முடியல, கேட்டா நாளைக்குன்னு சொல்லிட்டு அன்னிக்கு முழுக்க முகம் செத்துப்போயிடுது. நான் கேக்காம இருக்கற மாதிரி நீங்களே பாத்து முடிச்சுக் குடுத்துடுங்கன்னு சொன்னேன். நீங்க என்னப் பொண்ணு பாக்க வந்த கதையையும் சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சது.”

அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. பொறாமை மட்டும் குறையவில்லை. அது இப்போதுதான் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. “என்னப் பத்தி எங்கிட்டப் பேசாம இன்னொருத்தர்கிட்டப் பேசியிருக்க” என்றார்.

“நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?” என்றாள் அவள்.

அவள் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தை நீவிவிடுகிற மாதிரி அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டாள். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அவள் விடவில்லை. பெரிய பீடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் சுவரோரம் நின்ற சூசையப்பர் லீலிப்பூவைக் கீழே வைத்துவிட்டு வந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தச்சர் நிமிர்ந்து பார்த்தார். கூடமாட வேலைக்கு வருகிற ஆளிடம் சொல்வதைப் போல, “கொஞ்சம் கீழ பிடிங்க” என்றார். சூசையப்பர் கீழே பிடித்தார். தச்சர் கோடு போட்டார், கோடு கோணலாகத்தான் வந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று வாயால் சொன்னார், சூசையப்பர் வெட்டினார். எட்டு மூலை. நாலாவது மூலையில் சூசையப்பர் வெட்ட இருந்த இடம் தப்பு என்று தச்சருக்குப் பட்டது, சொன்னார். அந்த ஆள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உளியை நகர்த்திக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பெட்டி முடிந்தது. கோயில்பிள்ளை வந்து தட்டிப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘சூசையப்பர் பெட்டி புதிது, வேலை இரண்டு பேர்’ என்று எழுதினார்.

அதற்கடுத்த வருடங்களில் தச்சரின் பட்டறைக்கு வேலை வந்து குவிந்தது. சொன்ன தேதிக்குச் சாமான் இறங்கியது. நாளைக்காரர் என்ற பேரை ஊர் மறந்துவிட்டது. கை சரியாகவில்லை, இடது கைக்கும் கொஞ்சம் வந்தது. அளவும் யோசனையும் அவருடையது, உளி அந்த ஆளுடையது. எந்தப் பொருத்தை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் அடிக்கடி தகராறு வரும், தச்சர் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும், மற்றவர் சத்தமே கேட்காது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சூசையப்பர் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அந்த நாட்களில் கோயில்பிள்ளை வெறும் பெட்டியின் மேல் ‘வேலைக்குப் போயிருக்கிறார், இரவில் வருவார்’ என்று ஒரு அட்டையை வைத்துவிடுவார். வெளியூர் யாத்ரிகர்கள் அதைப் படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, அட்டைக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். இப்போதெல்லாம் நாற்பது ஐம்பது எரிகிறது. தச்சரும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் கையைப் பற்றி, மருந்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. வேலை நாட்களில் மூன்று பேராகச் சாப்பிட உட்காருவார்கள். அவள் சூசையப்பரிடம் ஏதாவது சொல்லிச் சிரித்தால் தச்சர் அது என்ன என்று உடனே கேட்டுத் தெரிந்துகொள்வார். திருகாணி வாங்கக் கடைக்குப் போக வேண்டி வந்தால் சூசையப்பரையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் போவார். வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக அவருக்கு இன்றுவரை மனசு வரவில்லை.